ஃபினாஸ்டரைட் எடுத்துக்கொண்டிருப்பவர் புது மருந்து ட்ரையலில் சேரலாமா? வாஷ்அவுட், பச்சைப் புள்ளி, பிளாசிபோ

உச்சிமேடு:

வணக்கம். விவரம் இது: ஆண், வயது 29, ஆண் வழுக்கை, அதை அளக்கும் நார்வுட் அளவில் 3 வெர்டெக்ஸ் (உச்சியில் சொட்டை). ஃபினாஸ்டரைட் 1 மி.கி. மாத்திரை இரண்டு வருடமாக, தலையில் தடவும் மினாக்ஸிடில் 5% நுரை ஒரு வருடமாக ஓடுகிறது. கொட்டுவது நின்று, உச்சியில் கொஞ்சம் தேறியும் இருக்கிறது. நெற்றி ஓரங்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

தலையில் தடவும் புது மருந்து ஒன்றின் 2ஆம் கட்ட ட்ரையலுக்கு இப்போது ஆள் எடுக்கிறார்கள். 24 வாரம், இரட்டை மறைப்பு (யாருக்கு எது என்று சேருபவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது). இரண்டு டோஸ், ஒரு பிளாசிபோ (மருந்தில்லாத போலி) என்று சமமான மூன்று பிரிவு. ஃபினாஸ்டரைடை நிறுத்தி 12 மாதம், மினாக்ஸிடிலை நிறுத்தி 6 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று தகுதிப் பட்டியல் சொல்கிறது. முடியை எண்ணும் இடத்தில் பச்சை குத்துவார்கள் என்றும் ஒரு வரி இருக்கிறது.

மூன்று கேள்வி. மருந்து சில நாளில் உடம்பைவிட்டுப் போய்விடுகிறதே, 12 மாதம் எதற்கு? அந்தப் பச்சை எங்கே, எவ்வளவு பெரிது, பிறகு போகுமா? மூன்றில் ஒருவருக்குப் பிளாசிபோ என்றால் சேர்வதில் லாபம் உண்டா?

குவியாடி:

எல்லோரும் பிளாசிபோவை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவர் உண்மையில் விலை கொடுப்பது வாஷ்அவுட்டில், அதாவது பழைய மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் காலத்தில். அதுவும் ட்ரையல் தொடங்கும் முன்பே.

ஃபினாஸ்டரைட் ரத்தத்தில் பாதியாகக் குறைய 5-6 மணி நேரம் போதும். ஆனால் அது பிடித்துக்கொண்ட என்சைமை லேசில் விடாது. அந்த என்சைம் உண்டாக்கும், முடியை மெலியவைக்கும் ஹார்மோனான டிஹெச்டி பழைய அளவுக்கு வர இரண்டு வாரம் போல ஆகும். முடியின் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் முடி ஓய்வுக் கட்டத்துக்குப் போக வேண்டும், அங்கே சுமார் மூன்று மாதம் இருந்துவிட்டு விழ வேண்டும், அதே வேரிலிருந்து அடுத்தது மெலிந்து முளைக்க வேண்டும். ஒவ்வொரு வேரும் ஒவ்வொரு நேரத்தில் இதைச் செய்யும். அதனால்தான் நிறுத்திய 12 மாதத்துக்குள் பலன் போய்விடும் என்று மருந்தின் குறிப்புத்தாளே சொல்கிறது. மினாக்ஸிடிலில் வந்த முடி மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். அதே வகை மருந்தான டூட்டாஸ்டரைட் இன்னும் பிடிவாதமானது. தொடர்ந்து எடுத்தவரின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 5 வாரம் ஆகும், நிறுத்திப் பல மாதம் கழித்தும் தென்படும்.

தலை சரிந்துகொண்டிருக்கும்போதே ஒருவரை உள்ளே எடுத்தால் என்ன ஆகும்? பேச்சுக்கு, புது மருந்து எண்ணும் வட்டத்தில் 10 முடியைக் கூட்டுகிறது, பழைய மருந்தை விட்டதில் 25 இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் விழுவது மைனஸ் 15. வேலை செய்யும் மருந்தைத் தோற்ற மருந்தாகக் காட்டிவிடும். அதற்காகத்தான் தரை தட்டும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள்.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முடி ட்ரையல்களில் இடங்கள் வேகமாக நிரம்பும். இந்த விளம்பரத்தைப் பார்த்து இன்று ஃபினாஸ்டரைடை நிறுத்தினால், நீங்கள் தகுதி பெறுவது 12 மாதம் கழித்து. அதற்குள் சேர்க்கை முடிந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் மருந்தும் இல்லை, ட்ரையலும் இல்லை. திரும்பத் தொடங்கினாலும் பலன் கண்ணுக்குத் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். இடையில் போனதெல்லாம் திரும்ப வரும் என்றும் யாரும் எழுதித்தர மாட்டார்கள்.

இதுவரை எதுவுமே எடுக்காதவர், அல்லது பக்கவிளைவால் ஏற்கெனவே நிறுத்தி ஒரு வருடம் ஆனவர், இவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு சாதகம்.

மில்லிமீட்டர்:

பச்சையைப் பற்றி. பேனா முனையால் ஒரு முறை தொட்ட அளவு, ஒரே ஒரு புள்ளி. உச்சியில் சொட்டையின் முன்விளிம்பை ஒட்டி, அடர்த்தி குறைந்துகொண்டுபோகும் இடத்தில் குத்துவார்கள். முழுச் சொட்டையில் பிழைக்க வேர் மிஞ்சியிருக்காது, நல்ல அடர்த்தியில் கூட்டிக் காட்ட இடம் இருக்காது. மருந்தின் வேலை தெரிவது நடுவில் உள்ள அந்தப் பட்டையில்தான்.

புள்ளியை மையமாக வைத்து 1 சதுர செ.மீ. வட்டத்துக்குள் இருக்கும் முடியை 1 மி.மீ. அளவுக்கு வெட்டிவிட்டு, தோலோடு ஒட்டிய லென்ஸால் படம் எடுப்பார்கள். 30 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் தடிமன் உள்ளவை தனியாக, பூனைமுடி தனியாக எண்ணப்படும். சில இடங்களில் வெட்டி இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். முடி நாளுக்கு ஏறத்தாழ 0.35 மி.மீ. வளரும். நீண்டிருந்தால் வளர்ச்சிக் கட்டம், அப்படியே நின்றால் ஓய்வுக் கட்டம். தலை நரைத்திருந்தால் படத்தில் தெரிவதற்காக அந்த வட்டத்துக்கு மட்டும் சாயம் பூசுவதும் உண்டு.

புள்ளி இல்லாமல் முடியாதா என்று கேட்பார்கள். 1 சதுர செ.மீ. வட்டத்தின் ஆரம் 5.6 மி.மீ.தான். அடுத்த விசிட்டில் லென்ஸை 2 மி.மீ. தள்ளி வைத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வேறு தோலை எண்ணிக்கொண்டிருப்போம். அதுவும் அடர்த்தி படியிறங்கும் இடம். மருந்தே இல்லாமல் எண்ணிக்கை ஏறும், இறங்கும்.

புள்ளி தானாகப் போகாது. பின்னாளில் லேசரில் எடுக்கலாம். வெட்டிய வட்டத்தைப் பக்கத்து முடி மூடிவிடும், மொட்டை அடித்துக்கொள்பவருக்கு மட்டும் தெரியும்.

படிவத்தில் ‘பயாப்ஸி’ என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். பச்சையைவிட அதுதான் பெரிய விஷயம். 4 மி.மீ. வட்டக் கத்தியால் தோலை வேரோடு எடுத்துத் தையல் போடுவார்கள், தழும்பில் முடி முளைக்காது. பெரும்பாலும் அது விருப்பத்துக்கு விட்ட தனிப் பகுதியாக இருக்கும். மறுத்துவிட்டும் முக்கிய ட்ரையலில் சேர முடிகிறதா என்று கேளுங்கள்.

எண்ணிக்கை தவிர முழுத்தலைப் படமும் உண்டு. தாடைக்கும் நெற்றிக்கும் தாங்கி வைத்து, அதே தூரம், அதே விளக்கு, நடுவகிடு எடுத்து ஒரே மாதிரி சீவி எடுப்பார்கள். யார் எந்தப் பிரிவு, எது எந்த மாதப் படம் என்று தெரியாதவர்கள் அதைப் பார்த்து மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். கெடுப்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான்: எண்ணெய், ஈரம், ஜெல் எல்லாம் முடியைக் கற்றையாக்கி இடையில் தோலைக் காட்டும். தலையில் தூவும் கெரட்டின் பொடி ஒரு துளி மிச்சம் இருந்தாலும் அன்றைய படம் வீண். முடியின் நீளமும் நிறமும் முதல் நாள் இருந்தபடியே கடைசிவரை இருக்க வேண்டும். நடுவில் குட்டையாக வெட்டிக்கொண்டவர் இருந்ததைவிட மோசமாகத் தெரிவார்.

எடைமேடை:

மேலே சொல்லாதது, தினசரி வேலை. அலுப்பானதுதான், ஆனால் ட்ரையல்கள் சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

தடவும் மருந்து என்றால் பொதுவாக 1 மி.லி. வீதம் தினம் இரண்டு வேளை, அல்லது ஒரு வேளை. தலை காய்ந்திருக்க வேண்டும். தடவிய பின் சுமார் 4 மணி நேரம் தலைக்குக் குளிக்கக் கூடாது, ஹேர் டிரையரும் கூடாது. இரவு வேளை என்றால் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்து தலையணைக்குப் போகும், அங்கிருந்து முகத்துக்கும் வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அதை ஸ்க்ரீனிங்கிலேயே (சேர்க்கும் முன் நடக்கும் தகுதிச் சோதனையிலேயே) சொல்லிவிட வேண்டும்.

பாட்டிலைக் கொடுக்கும்போது எடை போடுவார்கள், திரும்ப வாங்கும்போதும் எடை போடுவார்கள். 1 மி.லி. இரண்டு வேளை என்றால் 28 நாளுக்கு 56 மி.லி. 60 மி.லி. பாட்டிலில் 4 மி.லி. மிஞ்ச வேண்டும். மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்தால் ஆல்கஹால் ஆவியாகி எடை குறையும், நீங்கள் அதிகமாகத் தடவியதாகக் கணக்கு வரும். அப்படி நடந்தால், சிந்திவிட்டாலும் சரி, டைரியில் அன்றைக்கே எழுதிவிடுங்கள். காலி பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒரு வேளை விட்டுப்போனால் விட்டதுதான், அடுத்த வேளை இரட்டிப்பாகத் தடவக் கூடாது. ஒரு மாத டைரியை விசிட்டுக்கு முந்தின இரவு ஒரே பேனாவில் நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. போன் டைரி என்றால் எழுதிய நேரமே பதிவாகும், அங்கே அந்த வித்தை பலிக்காது.

‘பச்சைப் புள்ளிக்குத்தானே மதிப்பெண்’ என்று அந்த வட்டத்தில் மட்டும் கூடுதலாகத் தடவுகிற புத்திசாலிகளும் உண்டு. தோல் சிவந்து உரிந்தால் உங்களை நிறுத்திவிடுவார்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு முன்: முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருக்கும். தைராய்டு உட்படச் சில பரிசோதனை முடிவுகளை அது தவறாகக் காட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் எச்சரித்தது. ஒழுங்காக இருக்கும் தைராய்டு கோளாறாகத் தெரிந்து ஸ்க்ரீனிங்கிலேயே வெளியே போக நேரலாம். எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீட்டோகொனசோல் ஷாம்புவும் பல ட்ரையல்களில் தடை.

உச்சிமேடு:

நன்றி, எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது. இரண்டு துணைக்கேள்வி. மினாக்ஸிடிலை மட்டும் விட்டுவிட்டு ஃபினாஸ்டரைடைத் தொடரவிடும் ட்ரையல்கள் உண்டா? அடுத்தது, கேட்கவே கூச்சமாக இருக்கிறது: ஃபினாஸ்டரைட் எடுப்பதைச் சொல்லாமலே சேருகிறவர்கள் இருக்கிறார்களாமே, கண்டுபிடிக்க முடியுமா?

குவியாடி:

முதலாவது: உண்டு. ‘நிலையான டோஸில் இத்தனை மாதமாக எடுத்துவருபவர்கள் தொடரலாம்’ என்று எழுதியிருப்பார்கள். புது மருந்து வேறு வழியில் வேலை செய்வதாக இருந்தால், அல்லது கருவி, ஊசி சார்ந்த சிகிச்சை என்றால் இந்த வகை கண்ணில் படும். உங்கள் தேடலை அங்கே திருப்புங்கள். வாஷ்அவுட் பிரச்சினையே எழாது.

இரண்டாவது: ரத்தத்தில் டிஹெச்டி பார்த்தால் தெரிந்துவிடும், ஃபினாஸ்டரைட் அதை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும். பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) அளவும் இறங்கும். அப்படியே மாட்டாமல் போனாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். புது மருந்தும் டிஹெச்டி பாதையையே தொடுவதாக இருந்தால், இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் மருத்துவர் தவறான காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார். பிளாசிபோ பிரிவில் நீங்கள் விழுந்தால் அந்தப் பிரிவே நன்றாக இருப்பதாகத் தெரியும், நல்ல மருந்து ஒன்று தோற்றதாகப் பதிவாகும். கூச்சப்பட வேண்டியது சரியான இடத்தில்தான் பட்டிருக்கிறீர்கள்.

பிளாசிபோ லாபக் கணக்கைப் பற்றி: 24 வாரம் மருந்தில்லாமல் இருப்பதைத் தாங்கிக்கொள்ளலாம். 24க்குப் பிறகு எல்லோருக்கும் உண்மையான மருந்து தரும் திறந்த நீட்டிப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எதிர்பார்ப்பையும் அளந்து வையுங்கள். ஃபினாஸ்டரைட் 1 மி.கி.க்கு 1997இல் அனுமதி வாங்கித்தந்த ஆய்வுகளில் 18-41 வயது ஆண்கள் 1,553 பேர். 1 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் தொடக்கத்தில் சராசரி 876 முடி. ஒரு வருட முடிவில் பிளாசிபோவுக்கும் மருந்துக்கும் இடையே வித்தியாசம் 107. வென்ற மருந்தின் கணக்கே இவ்வளவுதான். தோற்றதற்கும் உதாரணம் உண்டு. உடம்பிலேயே உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் டி2 என்ற பொருள் வழுக்கைப் பகுதியில் அதிகம் என்று 2012இல் தெரியவந்தபோது அதன் வேலையைத் தடுக்கும் செடிபிப்ரான்ட் என்ற மாத்திரையின்மேல் பெரிய நம்பிக்கை எழுந்தது. 2ஆம் கட்டத்தில் அது பிளாசிபோவைத் தாண்டவில்லை. 2ஆம் கட்டம் என்றாலே ‘வேலை செய்யுமா’ என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் நிலைதான்.

லுட்விக்_இரண்டு:

பெண்களுக்காக இரண்டு வரி. பெண்களுக்கான ட்ரையல்களில் நார்வுட் இருக்காது, பெண்களின் முடி மெலிவை அளக்கும் லுட்விக் அல்லது சின்க்ளேர் அளவு இருக்கும். எண்ணும் இடமும் உச்சிச் சுழியில் அல்லாமல் பெரும்பாலும் நடுவகிடை ஒட்டி அமையும். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பார்ப்பார்கள். பிரசவம் முடிந்து சில மாதமே ஆகியிருந்தால் எடுக்க மாட்டார்கள், அப்போது கொட்டுவதும் தானாகத் திரும்ப முளைப்பதும் எண்ணிக்கையைக் குழப்பிவிடும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் அதே மாத்திரையில் பல மாதம் நிலையாக இருந்திருக்க வேண்டும், நடுவில் மாற்றவும் கூடாது. ஒவ்வொரு விசிட்டிலும் கர்ப்பப் பரிசோதனை இருக்கும். டிஹெச்டியைக் குறைக்கும் மருந்துகள் ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் இதில் சலுகை கிடையாது. புழுவெட்டு இருப்பவர்கள் இந்த ட்ரையல்களுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்காதீர்கள், அது வேறு நோய், அதற்கான ட்ரையல்களும் வேறு.

ஓரக்குறிப்பு:

ஒப்புதல் படிவத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அதில் கையெழுத்திடும் முன் ட்ரையலுக்கான எந்த நடைமுறையும் உங்கள்மேல் நடக்கக் கூடாது. ரத்தம் எடுப்பது, முடி வெட்டுவது மட்டுமில்லை, ட்ரையலுக்காக மருந்தை நிறுத்தச் சொல்வதும் அதில் அடக்கம். ‘முதலில் நிறுத்துங்கள், பிறகு வந்து கையெழுத்துப் போடலாம்’ என்று போனில் சொன்னால், எழுத்தில் கேளுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் தர வேண்டும். அன்றே போடு என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம்.

படிக்கும்போது தேட வேண்டியவை: காயம், பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது. ரத்ததானம் எவ்வளவு காலம் கூடாது (டூட்டாஸ்டரைட் போன்ற மருந்துகளுக்கு நிறுத்தி 6 மாதம்வரை கூடாது). குழந்தைக்கு முயற்சி செய்யலாமா. படங்களில் முகம் மறைக்கப்படுமா. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதுவரை சேர்ந்த தரவை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். எந்தப் பிரிவில் இருந்தோம் என்பதும் கடைசி விசிட்டிலேயே தெரியாது, எல்லோருடைய கணக்கும் மூடப்பட்ட பிறகுதான்.

ட்ரையல்களைப் பதியும் பொதுப் பதிவேட்டையும் பாருங்கள். அமெரிக்கப் பதிவேட்டில் என்றால் என்சிடி என்று தொடங்கி 8 இலக்கம். கடைசியாகப் புதுப்பித்த தேதி, இப்போதும் ஆள் எடுக்கிறார்களா, முதன்மை அளவுகோல் (வெற்றி தோல்வியை முடிவு செய்யும் அளவீடு) என்ன என்பதோடு, திருத்த வரலாற்றையும் திறந்து பாருங்கள். நடுவழியில் முதன்மை அளவுகோலை மாற்றியிருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதிவு எண் இல்லை, பங்கேற்பவரே பணம் கட்ட வேண்டும், எல்லோருக்கும் உண்மையான மருந்துதான், முன்-பின் படம் போட்ட விளம்பரம் என்று இவையெல்லாம் சேர்ந்து வந்தால் அது ட்ரையல் என்ற பெயரில் நடக்கும் வியாபாரம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சேர்ந்த பிறகு ‘எனக்குக் கிடைத்தது உண்மையா பிளாசிபோவா’ என்று இங்கே இழை தொடங்காதீர்கள். ஃபினாஸ்டரைட் 5 மி.கி. எடுத்தவர்களிடம் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று முன்பே சொல்லப்பட்டவர்களில் 43.6% பேரும் சொல்லப்படாதவர்களில் 15.3% பேரும் அப்படி ஒரு பாதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். மருந்து ஒன்றேதான். இன்னொருவர் எழுதிய அறிகுறியைப் படித்துவிட்டு நமக்கும் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது இரண்டு பக்கமும் கெடுதல். பக்கவிளைவு என்று தோன்றினால் முதலில் ட்ரையல் நடக்கும் மையத்தின் 24 மணி நேர எண்ணுக்கு.

உச்சிமேடு:

ஃபினாஸ்டரைடை நிறுத்தப் போவதில்லை. ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்ப எழுதி வைத்திருப்பது இது, பார்த்துச் சொல்லுங்கள்:

‘ஃபினாஸ்டரைட் 1 மி.கி., மினாக்ஸிடில் 5% எடுத்து வருகிறேன். (1) ஃபினாஸ்டரைடைத் தொடர அனுமதிக்கும் பிரிவோ வேறு ட்ரையலோ உங்களிடம் உண்டா? (2) பயாப்ஸி கட்டாயமா? (3) 24 வாரத்துக்குப் பின் திறந்த நீட்டிப்பு உண்டா? (4) ஒப்புதல் படிவத்தின் நகலை முன்கூட்டியே அனுப்ப முடியுமா?’

மில்லிமீட்டர்:

நான்காவதை முதலில் போடுங்கள், படிவம் வந்தால் இரண்டும் மூன்றும் அதிலேயே இருக்கும். முதல் கேள்வியில் மினாக்ஸிடிலையும் சேர்த்துக் கேளுங்கள். ஃபினாஸ்டரைடை விட்டுவைக்கிற ட்ரையல்கூடத் தலையில் தடவும் எதையும் பெரும்பாலும் அனுமதிக்காது. அதை நிறுத்தச் சொன்னால் எத்தனை மாதம், அதுவரை உங்களுக்கு இடம் வைத்திருப்பார்களா என்பதையும் ஒரு வரியில் கேட்டுவிடுங்கள்.

இன்றைக்கே உச்சியையும் நெற்றியையும் ஒரே விளக்கில், காய்ந்த தலையில், நடுவகிடு எடுத்துப் படம் எடுத்து வையுங்கள். முன்தேர்வுக்கு அதைத்தான் கேட்பார்கள்.